மிதந்த துளி

அக்காமாரே, தங்கச்சிமாரே,

கல்குடாப் பக்கம் இரத்ததான முகாமென்றால் நாங்கள் முதலில் பார்ப்பது விரல்நுனித் துளியைத்தான். செப்புச்சல்பேற்றுக் கரைசலில் அது தாழ்ந்தால் ஈமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்கும். மிதந்தால் இரத்தம் எடுக்கமாட்டோம்.

இப்போது குத்தாமலே, விரலில் கவ்வி மாட்டி ஒளியால் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஊசி போட வந்தால் மதிலேறி ஓடிய எங்களுக்கு நல்ல ஆறுதல்! ஆனால் நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அதை ஏமாற்றும். எல்லையில் நிற்பவருக்குக் குத்தித்தான் பார்க்கவேண்டும்.

எங்களை உறுத்துவது வேறு. துளி மிதந்து திரும்புவோரில் பெண்களே அதிகம். ஒருமுறை ஒரு தங்கச்சியை "இன்றைக்கு ஏலாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். ஏழு மாதத்தில் மூச்சுவாங்க வாட்டுக்கு வந்தார். அதன்பின், இரும்புச்சத்தைச் சோதிக்கக் கடிதம் கொடுக்காமல் எவரையும் நாங்கள் அனுப்புவதில்லை. உங்களை எங்காவது திருப்பினால், அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.