நெல்லிக்கனியும் நெற்றிக் கருவியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தண்டவாளமே இல்லாத இத்தீவுக்கு விடுமுறையில் உறவினரைக் காண வந்த ரயில்வே குமாஸ்தாவை மேடையேற்றிய சங்கத்தாரின் துணிவு பெரிது. சீட்டு வழங்கும் சாளரத்தின் உட்புறமிருந்து பல்லாண்டுகளாக வரிசைகளையே கண்டு வருபவர் யாம். ஆதலின் வரிசை ஒன்றில் தொடங்கிய ஒருவரின் வரலாற்றையே பேசப் போகிறோம்.

தீபிந்தர் கோயல் என்பார் 1983-இல் பஞ்சாபில் பிறந்தவர். தில்லி ஐ.ஐ.டி.யில் கணிதமும் கணினியும் பயின்று, பெயின் என்னும் ஆலோசனை நிறுவனத்தில் அமர்ந்தார். அங்கே நண்பகலில், உணவு விடுதிகளின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கென்றே அலுவலர்கள் காத்து நிற்பார்களாம். அப்பட்டியல்களைப் படியெடுத்துக் கணினியில் ஏற்றினார், காத்திருத்தல் ஒழிந்தது. அதுவே 2008-இல், பங்கஜ் சட்டா என்னும் நண்பருடன் அவர் தொடங்கிய 'ஃபுடிபே'. 2010-இல் அது 'ஜொமாட்டோ' ஆயிற்று. 2021 ஜூலையில் பங்குச் சந்தை ஏறிற்று. 2025-இல் தாய் நிறுவனத்திற்கு 'எடர்னல்' என்று பெயரிட்டார்கள். என்றும் அழியாதது என்பது அதன் பொருள். பெயரிலேயே ஆசை தெரிகிறதன்றோ!

அவ்வாசை அவரோடு பிறந்ததன்று. தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கி, உணவாலும் உறக்கத்தாலும் மருந்தாலும் கருவியாலும் முதுமையைத் தள்ளிப்போட முயல்வதை மேனாட்டார் 'பயோஹாக்கிங்' என்பர். நம் சித்தர்கள் காயகற்பம் என்று தேடியதன் தம்பி எனலாம். அமெரிக்காவில் பிரயன் ஜான்சன் என்பவர், தம் பணப்பரிமாற்ற நிறுவனத்தை 2013-இல் 80 கோடி டாலருக்கு விற்றுவிட்டு இதிலேயே மூழ்கினார். 2023-இல் தம் மகனின் குருதி நீரையே பெற்றுத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். யயாதி மன்னன் மகன் பூருவிடம் இளமை கேட்ட கதை நம் தாய்மார்களுக்குத் தெரியும். யயாதிக்குக் கிடைத்தது, ஜான்சனுக்குக் கிடைக்கவில்லை. பயன் ஏதும் காணோம் என்று அவரே வெளிப்படையாகக் கூறி நிறுத்திவிட்டார். அந்த நேர்மையை யாம் மதிக்கிறோம்.

கோயல் 2025-இல் தம் சொந்தப் பணத்திலிருந்து 2½ கோடி டாலரை முதுமை ஆராய்ச்சிக்கு ஒதுக்கினார். அவ்வாண்டு நவம்பரில் ஒரு கருதுகோளையும் வெளியிட்டார். நாம் நிமிர்ந்து வாழ்கிறோம். மூளை இதயத்திற்கு மேலே இருக்கிறது. புவியீர்ப்பு குருதியைக் கீழே இழுக்கிறது. ஆண்டாண்டாக மூளைக்குக் குருதி குறைவதால் முதுமை விரைகிறது என்பது அதன் சாரம். மூளையின் குருதியோட்டத்தை அளக்கவென்று, நெற்றிப்பொட்டருகே ஒட்டிக்கொள்ளும் 'டெம்பிள்' என்னும் சிறு கருவியையும் செய்யலானார். 2026 பிப்ரவரியில் தலைமை நிர்வாகப் பொறுப்பையும் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டார்.

கேள்வி கேட்டதற்காக எவரையும் நகையாடலாகாது. ஆயினும் மருத்துவர் பலர் இதனை ஏற்கவில்லை. நிற்கும்போதும் படுக்கும்போதும் மூளைக்கு வேண்டிய குருதியைக் குழாய்கள் தாமே சுருங்கியும் விரிந்தும் சரிசெய்து கொள்கின்றன. புவியீர்ப்பின் இழுப்பு உணரப்படாத விண்வெளியில் மாதக்கணக்கில் வாழ்ந்தவர்கள் இளமையோடு திரும்பவில்லை. எலும்பு தேய்ந்தும் தசை மெலிந்துமே திரும்பினார்கள். சிலருக்குக் கண்பார்வையும் மாறிற்று. கருதுகோள் என்பது காத்திருப்போர் பட்டியலில் உள்ள பயணச்சீட்டு. உறுதியாகும்வரை இருக்கையில் அமர முடியாது.

அதியமான் அரிதிற் பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான். அதனை நினைக்கும்போது கோயலின் வேறொரு செயலே எமக்கு உவப்பாயிருக்கிறது. 2022-இல் தமக்குரிய பங்குகள் வழி வரவிருந்த ஏறத்தாழ 700 கோடி ரூபாயை, உணவு கொண்டு செல்லும் தொழிலாளரின் பிள்ளைகள் படிப்புக்கென அறிவித்தார். வெயிலிலும் மழையிலும் வண்டியோட்டும் அத்தொழிலாளரின் ஆயுளும் ஆயுள்தானே! அதனை அளக்க எந்தக் கருவியை ஒட்டுவது?

இந்நாட்டு மனிதனின் சராசரி ஆயுள் விடுதலையின்போது 32 ஆண்டு அளவில் இருந்தது. இன்று 70 அளவில் நிற்கிறது. இதனைச் செய்தவை தடுப்பூசியும், நல்ல குடிநீரும், பிள்ளைப்பேற்று மருத்துவமுமே. 1971-இல் வங்க அகதிகள் முகாமில் வாந்திபேதி கண்டபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே சாவு விகிதத்தை நூற்றுக்கு 30 அளவிலிருந்து 3 அளவுக்குக் கொண்டுவந்தார். செல்வர் எவரும் அதைத் தேடி அலையவில்லை.

இனி, கேம்பல் பேயில் வாழும் உங்களிடம் ஒன்று கூற வேண்டும். 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் காடு திருத்திக் குடியேறிய மண் இது. 2004 டிசம்பர் 26-இன் கடற்கோளையும் கண்ட மண். 2020-இல் கடலடிக் கம்பிவடம் சென்னையிலிருந்து வந்தபின், தில்லிச் செல்வரின் நெற்றிக் கருவியை இங்குள்ள இளைஞரும் அன்றைக்கே அறிகின்றனர். ஆனால் மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் உண்மையாகவே அடைபட்டால், கட்டியைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன், அடைப்பா கசிவா என்று தலையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். போர்ட் பிளேர் என்றிருந்து 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் தலைநகரோ 500 கிலோமீட்டருக்கு அப்பால். மழைக்காலத்தில் வானமும் கடலும் யாரைக் கேட்டு வழிவிடும்?

ஆகவே அடைப்பு வருமுன் காப்பதே உங்களுக்குரிய வழி. பக்கவாதத்தின் முதற் காரணம் உயர்ந்த இரத்த அழுத்தம். அது வலியின்றி வளரும், அளந்தால்தான் தெரியும். அதற்குரிய மாத்திரையின் விலை அதிகமன்று. இதோ, ஒரு அளவுக் கருவியையும் கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றையும் செயலாளரிடம் ஒப்படைக்கிறோம். முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் மாதந்தோறும் அளந்து, பெயர், தேதி, அளவு மூன்றையும் எழுதுங்கள். 140-க்கு மேல் மீண்டும் மீண்டும் கண்டவர், நாளை என்னாது சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். முதல் வரியில் எம் பெயரையும் அளவையும் இன்று காலையே எழுதிவிட்டோம். இரண்டாம் வரி தலைவர் அவர்களுக்காகக் காத்திருக்கிறது.