தகரக் குழல் வாங்கும் முன்

(நம் குடியிருப்போர் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் நாலாம் வகுப்புப் பெண்ணின் அம்மா, இன்னொருவர் ஓய்வு பெற்றவர். "ஏதாவது ஒரு வாத்தியம் கற்க ஆசை. கீபோர்டுக்கு வீட்டில் இடம் இல்லை, செலவும் அதிகம். டின் விசில் என்கிறார்களே, அதை வாங்கலாமா?" என்றார்கள். வாங்கலாம். ஆனால் எதை வாங்குவது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். அதைச் சொல்லத்தான் செயலாளர் எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

'டைட்டானிக்' படத்தின் பாட்டுத் தொடக்கத்தில் ஏங்குகிற மாதிரி ஒரு குழல் வருமே, நினைவிருக்கிறதா? அது இந்தக் குடும்பத்துக் குழல்தான். ஊர் அயர்லாந்து என்று நினைப்போம். ஆனால் இன்று நாம் கடையில் பார்க்கிற தகரக் குழலைத் தொழிலாகச் செய்ய ஆரம்பித்தவர் இங்கிலாந்தின் சஃபோக் பகுதிக்காரர், ராபர்ட் கிளார்க் என்ற பண்ணைத் தொழிலாளி. 1843-இல் தகரத் தகட்டைச் சுருட்டி, வாய்ப்பக்கம் ஒரு மரக்கட்டையைச் செருகிச் செய்தார். விலை மலிவு, அதனால் ஏழை வீடுகளுக்கெல்லாம் போயிற்று. அயர்லாந்துக்காரர்கள் அதைத் தங்கள் நடன இசைக்கு எடுத்துக்கொண்டு பெரிய கலையாக வளர்த்தார்கள். 1950-களில் தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் தெருப் பிள்ளைகள் இதே குழலில் 'க்வேலா' என்று ஒரு இசையையே உண்டாக்கினார்கள். ஆக, மலிவான குழல் என்றால் மட்டமான குழல் என்று அர்த்தமில்லை. பெரிய வித்வான்கள் பலர் இன்றும் கடையில் கிடைக்கிற சாதாரணக் குழலைத்தான் வாசிக்கிறார்கள்.

நம் புல்லாங்குழலில் உதட்டை வைத்துச் சத்தம் வரவழைக்கவே பல நாள் ஆகும். இதில் அந்தக் கஷ்டம் இல்லை. காற்று ஒரு குறுகிய வழியில் போய், எதிரே இருக்கும் கூரான விளிம்பில் மோதித் தானே ஒலிக்கும். திருவிழாக் கடையில் விற்கும் ஊதுகுழலில் இருப்பது போன்ற அமைப்புதான். ஆறு துளைகள். முதல் நாளே ஏதோ ஒரு பாட்டின் முதல் வரி வந்துவிடும். பிள்ளைகளுக்கு அது பெரிய தைரியம்.

அந்தத் தைரியம் கெடுவதும் குழலால்தான். சுருதி சேராத பொம்மைக் குழலை வாங்கிக் கொடுத்தால், பிள்ளை சரியாக விரல் வைத்தாலும் அபஸ்வரம்தான் வரும். குழல் மேல் குற்றம் என்று அதற்குத் தெரியாது. 'எனக்குச் சங்கீதம் வராது' என்று முடிவு கட்டிவிடும். பெரியவர்களும் அப்படித்தான்.

பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது, என்ன சுருதி என்று எழுதியிருக்கிறதா என்பது. எழுதாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள். ஆரம்பத்துக்கு 'டி' சுருதிதான். நம் கணக்கில் அது இரண்டு கட்டை. பாடப் புத்தகங்கள், பயிற்சி வீடியோக்கள் பெரும்பாலும் 'டி' குழலுக்கே இருக்கும். நீளம் ஏறக்குறைய ஓரடி. 'லோ டி' என்று இரண்டு மடங்கு நீளத்தில் ஒன்று உண்டு. ஒலி உருக்கமாக இருக்கும், ஆனால் துளைகள் விலகியிருக்கும், காற்றும் அதிகம் பிடிக்கும், விலையும் பல மடங்கு. அது முதல் குழல் அல்ல.

பெயர்களைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ஜெனரேஷன், கிளார்க், அயர்லாந்தின் ஃபடோக், வால்டன்ஸ். இந்த நாலும் பழகிய பெயர்கள். அங்கே அடிப்படைக் குழல் பத்துப் பதினைந்து யூரோவுக்குள் கிடைக்கும். இங்கே வரவழைத்தால் அனுப்பும் செலவு குழலின் விலையையே தாண்டிவிடலாம், ஆகவே இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள். கிளார்க்கின் பழைய மாதிரி, மரக்கட்டை வைத்தது, இனிமையாக ஒலிக்கும்; ஆனால் காற்று நிறைய கேட்கும், சின்னப் பிள்ளைக்கு மூச்சு வாங்கும். அதே கம்பெனியின் ஸ்வீட்டோன் பிளாஸ்டிக் வாய் கொண்டது, மென்மையானது, ஊத எளிது. அடுக்கு மாடியில் இருக்கும் நமக்கு என்னுடைய முதல் தேர்வு அதுதான். பித்தளையா நிக்கல் பூச்சா என்று கேட்பார்கள். ஒலியில் பெரிய வித்தியாசம் இல்லை. பித்தளை கையில் வாசனை ஒட்டும். நிக்கல் சிலருக்குத் தோல் அரிப்பு தரும். கவரிங் நகை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்கவும். பழைய சாமான் கடையில் அந்தக் காலத்துக் குழல் கிடைத்தால் அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், பிள்ளை வாயில் வைக்க வேண்டாம். சிலவற்றின் உள்கட்டை ஈயத்தால் செய்தது.

கையில் வந்ததும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வாய்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். காற்று போகும் வழியில் பிளாஸ்டிக் பிசிறு இருக்கக் கூடாது, விளிம்பு நேராக இருக்க வேண்டும். சின்னப் பிசிறு என்றால் கூர்மையான பிளேடால் மெதுவாக எடுத்துவிடலாம். பிறகு இரண்டு நிமிடம் ஊதிச் சூடேற்றுங்கள். குளிர்ந்த குழல் சுருதி தாழ்ந்து பேசும். செல்போனில் சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வைத்து, ஆறு துளையும் மூடி மெல்ல ஊதுங்கள். அது ஸட்ஜமம். மேலிருந்து மூன்றாவதைத் தவிர்த்து முதலிரண்டை மட்டும் மூடினால் பஞ்சமம். ஆறையும் மறுபடி மூடிக் கொஞ்சம் அழுத்தி ஊதினால் மேல் ஸட்ஜமம். மூன்றும் சேர்ந்தால் குழல் தேறிவிட்டது. மொத்தமாகவே சுருதி ஏறியிருந்தால் வாய்ப்பகுதியை ஒரு இழை வெளியே இழுங்கள். ஒட்டியிருந்தால், கொதிக்காத சுடுநீரில் ஒரு நிமிடம் வைத்துத் திருகினால் இளகும். மரக்கட்டை வைத்த குழலுக்கு இந்த வைத்தியம் கூடாது.

கீச்சென்று கத்தினால் உடனே குழலைத் திட்ட வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒரு துளை முழுதாக மூடியிருக்காது. விரல் நுனியால் அல்ல, சதையால் மூடுங்கள். அழுத்தி எடுத்தால் ஒவ்வொரு விரலிலும் முழு வட்டம் பதிந்திருக்க வேண்டும்.

கர்நாடக சங்கீதம் வாசிக்கலாமா என்று மாமிகள் கேட்கப் போகிறார்கள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தால் வருவது சங்கராபரணம். மோகனம் சிரமமே இல்லாமல் வரும். கீழ்விரல் ஒன்றை எடுத்தால் வரும் சுரத்தை ஸட்ஜமமாக வைத்து ஏறினால் கரகரப்பிரியா கிடைக்கும், சுருதிப் பெட்டியை மூன்று கட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பாதித் துளை மூடி வாசிக்க வேண்டும், இந்தச் சின்னத் துளையில் அது பெரும்பாடு. தோடிக்கும் கமகத்துக்கும் ஆசைப்பட்டால் மூங்கில் குழல் வாங்கி, குருவிடம் போங்கள். இதில் சினிமாப் பாட்டு, பஜனைப் பாட்டு, ஐரிஷ் நடன மெட்டு சந்தோஷமாக வாசிக்கலாம்.

இனி பக்கத்து வீட்டுப் பிரச்சினை. இந்தக் குழலின் மேல் ஸ்தாயி காதைத் துளைக்கும். நடைபாதை ஜன்னல் திறந்திருந்தால் இரண்டு மாடிக்குக் கேட்கும். வாய்க்குக் கீழே இருக்கும் திறப்பின் ஓரத்தில் சின்னத் துண்டு டேப்பை ஒட்டிப் பாதி மறைத்தால் சத்தம் நன்றாகக் குறையும். சுருதி கொஞ்சம் மாறும், விரல் பழக அது போதும். முதல் மாதம் கீழ் ஸ்தாயி மட்டும் பழகுங்கள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை வேண்டாம். பி பிளாக்கில் கைக்குழந்தைகள் இருக்கிறார்கள், ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மாலை ஐந்தரைக்கு மேல் மொட்டை மாடியில் வாசிக்கலாம், செயலாளர் சம்மதித்திருக்கிறார்.

என்னிடம் இரண்டு குழல்கள் இருக்கின்றன, ஒன்று பித்தளை, ஒன்று ஸ்வீட்டோன். வரும் இரண்டு ஞாயிறும் காலை பத்து மணிக்கு நூலக அறைக்குக் கொண்டுவருகிறேன். ஊதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சோப்பு நீரும் துணியும் மேசையில் இருக்கும். ஒருவர் ஊதியதை அடுத்தவர் ஊதும் முன் வாய்ப்பகுதியைக் கழுவிக்கொள்ளுங்கள்.