ஏழு பேர் பார்க்கும் ஆட்டம்



நான் கூடைப்பந்து நடுவராகப் போய்வருகிறேன் இல்லையா, அதைப் பற்றிப் பேசச் சொல்லித் தலைவி கேட்டாங்க. "விசில் ஊதறதுதானே, அதுல பேச என்ன இருக்கு?" என்று எங்கள் குழுவிலேயே ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான்.

பெரிய போட்டியில் ஒரு ஆட்டத்துக்கு ஏழு பேர் வேலை செய்கிறோம். மைதானத்துக்குள் ஒரு தலைமை நடுவர், இரண்டு துணை நடுவர்கள். சின்னப் போட்டி என்றால் உள்ளே இரண்டு பேரோடு சமாளிப்பாங்க. வெளியே மேசையில் நான்கு பேர்: ஸ்கோர் எழுதுகிறவர், அவருக்கு உதவியாளர், ஆட்ட நேரம் பார்க்கிறவர், 24 விநாடிக் கடிகாரம் பார்க்கிறவர். பந்து கைக்கு வந்த அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறியணும், அதுக்குத்தான் அந்தத் தனிக் கடிகாரம். இப்படி வேலையைப் பிரிக்கிறது இன்று நேற்று வந்ததில்லை. 1891-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்துக்கு 13 விதி எழுதினபோதே, ஆட்களைக் கவனிக்க ஒருத்தர், பந்தைக் கவனிக்க ஒருத்தர் என்று வைத்தார்.

நான் மேசையில்தான் ஆரம்பித்தேன். குழுக் கணக்கை ஆறு வருஷம் எழுதின கை என்பதால் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துப் பயம் வரவில்லை. 1, 3-ஆம் கால்பகுதிகளுக்குச் சிவப்பு மை, 2, 4-க்கு நீல மை. ஒவ்வொரு புள்ளியும் யார் போட்டது, ஒவ்வொரு ஃபவுலும் யார் பேரில் என்று அப்போதைக்கப்போதே எழுதணும். ஒருத்தர் பேரில் 5 ஃபவுல் ஆனால் அவர் வெளியே போகணும். உதவியாளர் ஸ்கோர் போர்டைப் பார்த்துக்கொள்வார். போர்டில் ஒன்று, தாளில் ஒன்று என்று வந்து, தீர்க்க முடியாமல் போனால் தாளில் எழுதினதுதான் செல்லும்.

உள்ளே இறங்கினபோதுதான் கஷ்டம் தெரிந்தது. பந்தைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கணும்! மைதானம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், பத்துப் பேர் ஓடறாங்க. நடுவரில் ஒருத்தர் கூடைக்குப் பக்கத்தில் எல்லைக்கோட்டோரம், ஒருத்தர் ஆட்டத்துக்குப் பின்னால், ஒருத்தர் எதிர்ப்பக்கம். பந்து என் பகுதியில் இல்லாதபோது, பந்தில்லாத ஆட்களைத்தான் நான் பார்க்கணும். யார் சட்டையைப் பிடிச்சு இழுக்கறாங்க, யார் முழங்கையால இடிக்கறாங்க. கண்ணு பந்துக்குப் பின்னாடியே ஓடும். பந்தை அந்தப் பக்கம் நிற்கிறவர் பார்த்துக்குவார்னு நம்பினாத்தான் அதை இழுத்துப் பிடிக்க முடியும். நம்பாமல் மூணு பேரும் பந்தையே பார்த்தா, முதுகுக்குப் பின்னால் விழற இடியை யாரும் பார்க்க மாட்டாங்க. இது பழகவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. விதிப் புத்தகம் படிக்கிறது அதைவிட எவ்வளவோ சுலபம்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஊதிட்டா? கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்று, முதலில் மற்றவர் முகத்தைப் பார்க்கணும். யார் பகுதியோ அவர் முடிவைச் சொல்வார். அதையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்வோம்.

இன்னொரு விதி இருக்கு. எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு நடுவர் தன் பொறுப்புக்குள் எடுத்த முடிவை இன்னொரு நடுவர் தள்ள முடியாது. தலைமை நடுவராக இருந்தாலும் சரி. நடுவர்களுக்குள் ஒத்துப்போகாவிட்டால் கடைசி முடிவு அவருடையது, அது வேற.

ஒரு ஆண்கள் ஆட்டம், கடைசி கால்பகுதி. உள்ளூர் அணியின் நல்ல ஆட்டக்காரர் பந்தில்லாத பக்கம் எதிராளியைக் கையால் சுற்றிப் பிடித்தார். ஊதினேன். மேசையில் சிவப்பு எழுத்தில் 5 போட்ட அட்டையைத் தூக்கினாங்க. ஒரே கூச்சல். ஏற்பாட்டாளர் ஒருவர் நேரே தலைமை நடுவரிடம் வந்து, "அந்தம்மாவுக்கு என்ன சார் தெரியும், நீங்க மாத்துங்க" என்றார். "அது அவங்க பகுதி. அவங்க பார்த்தாங்க, நான் பார்க்கலை" என்றார் அவர். பிறகு மேசைக்குப் போய்த் தாளைப் பார்த்தார். சிவப்பில் மூன்று, நீலத்தில் இரண்டு, வரிசையாக இருந்தது. அந்தப் பையன் வெளியே போனான். உள்ளூர் அணி 3 புள்ளியில் தோற்றது. அன்று ராத்திரி யாரும் தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லி, ஏழு பேரையும் ஒரே வேனில் ஏற்றிவிட்டாங்க.

அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியிலேயே பெண்கள் நடுவரானது 1997-ல்தான். வயலட் பால்மர், டீ கான்ட்னர் என்று இரண்டு பேர். ஆக, கறுப்புப் பேன்ட் போட்டுக்கொண்டு நான் பஸ் ஏறும்போது நம்ம தெரு வேடிக்கை பார்ப்பதில் ஆச்சரியமில்லை.

பணம் எவ்வளவு என்று சிலர் கேட்டீங்க. பஸ் செலவு போகக் கொஞ்சம் நிற்கும். குடும்பம் நடத்தப் போதாது, அதையும் சொல்லிடறேன்.

மேசைக்கு ஆள் எப்பவும் பற்றாக்குறை. குழுவில் கணக்கு எழுதறவங்க யாராவது வருவதாக இருந்தால், ஞாயிறு காலை 6 மணிக்குப் பயிற்சி ஆட்டம் நடக்குது. என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் பார்க்கலாம். சிவப்புப் பேனா ஒண்ணு, நீலப் பேனா ஒண்ணு எடுத்துட்டு வாங்க.