தேநீர் அழைப்பு

(கிளைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



தடியடியை நாம் அறிவோம். மண்டை உடையும், பத்திரிகையில் படம் வரும், வழக்கும் நடக்கும். ஆனால் சத்தமில்லாத அடி ஒன்று உண்டு. அதைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

சீன தேசத்தில் பொதுக் காரியத்தில் இறங்குகிறவருக்குப் போலீசாரிடமிருந்து அழைப்பு வரும். தேநீர் அருந்த வாருங்கள் என்பார்கள். வாரண்டு இல்லை, விலங்கு இல்லை. யாரைச் சந்தித்தீர், என்ன எழுதினீர் என்று விசாரிப்பார்கள். குடும்பத்தையும் வேலையையும் நினைத்துப் பார்க்கச் சொல்வார்கள். "தேநீர் குடித்தேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கே அனைவருக்கும் விஷயம் விளங்கிவிடும்.

மசியாதவரைச் சுற்றி வளைப்பார்கள். 2012-ல் சென்ஜென் நகரத்தில் தொழிலாளருக்கு உதவிய பல நிலையங்களை, வாடகைக்கு விட்டவர்களே காலி செய்யச் சொன்னார்கள். அவர்களை நெருக்கியது யார் என்பது ஊரறிந்த ரகசியம்.

அதே நகரத்தில் 2018-ல் ஜாசிக் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க முயன்றார்கள். வேலை போயிற்று. ஜூலை மாதம் சுமார் 30 பேரைப் பிடித்தார்கள். ஆதரவாக வந்த பல்கலைக்கழக மாணவர்களை ஆசிரியர், பெற்றோர் மூலம் தடுத்துப் பார்த்தார்கள். ஆகஸ்டு 24-ல் அவர்கள் தங்கிய இடத்தில் போலீசார் புகுந்தார்கள்.

தொழிலாளர் அரசு என்று பெயர் சூட்டிக்கொண்ட அரசாங்கம் இது! 1975 அரசியல் சட்டத்தில் வேலை நிறுத்த உரிமை இருந்தது. 1982-ல் அதை நீக்கிவிட்டார்கள். அரசாங்கத்தின் சம்மேளனத்துக்கு வெளியே சங்கம் வைக்கவும் இடமில்லை.

சீன தேசத்து விவகாரம் நமக்கெதற்கு என்று சில அன்பர்கள் கேட்கலாம். 1948 ஜூன் மாதம் மலாயாவில் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தை ஒழித்தது எது? பதிவு விஷயமான ஒரு காகிதம். அந்தக் காகிதத்தையாவது கையில் பிடித்து அநியாயம் என்று காட்டலாம். தேநீர் அழைப்புக்கு அதுவும் கிடையாது.

நாங்கள் கணக்கு எழுதுகிறவர்கள். செக்ரோலில் ஏறாத பேருக்குச் சம்பளம் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். மிரட்டலும் அப்படியே. ஏட்டில் ஏறாவிட்டால் நடக்கவே இல்லை என்று சாதிப்பார்கள். "உன் நன்மைக்குச் சொல்கிறேன், சங்கம் கிங்கம் வேண்டாம்" என்று ஆபீசில் தனியாகக் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். அன்றிரவு அதை மனைவியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்த மௌனமே அவர்களுக்கு வெற்றி.

சீனத்தில் பலர் மௌனமாக இருக்கவில்லை. தாங்கள் குடித்த தேநீரைப் பற்றி, கேட்ட கேள்வி உட்பட, எழுதி வெளியிட்டார்கள். அடுத்துப் போகிறவருக்குப் பயம் பாதி குறைந்தது.

ஆகவே தோழர்களே, கூப்பிட்டால் தனியே போகாதீர்கள். ஒருவரை உடன் அழையுங்கள். தேதி, நேரம், சொன்னவர், சொன்ன வார்த்தை, நான்கையும் கிளைச் செயலாளரிடம் பதியுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நாங்கள் எழுதித் தருகிறோம்.

இருட்டில் சொன்னதை வெளிச்சத்தில் வைப்போம்.