இரு பக்கமும் வேண்டாம் என்றவன்



கொரியா என்றால் இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பாட்டும் தொடரும்தான் நினைக்கிறார்கள். நான் பேச வந்தது லட்சக்கணக்கில் பிணம் விழுந்த கொரியாவைப் பற்றி.

1945 ஆகஸ்ட். ஜப்பான் வீழ்கிறது. வாஷிங்டனில் ஒரு நள்ளிரவு, இரண்டு கர்னல்கள், கையில் ஒரு வரைபடம். 38ஆம் அட்சரேகையில் கோடு போட்டார்கள்! வடக்கு ரஷ்யாவுக்கு, தெற்கு அமெரிக்காவுக்கு. கொரியனைக் கேட்டார்களா? கேட்கவில்லை! அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம்.

1950 ஜூன் 25 அன்று வடக்குப் படை அந்தக் கோட்டைத் தாண்டியது. அமெரிக்க அதிபர் ட்ரூமன் துடித்தெழுந்தார். மூன்று வருடம் முன்னால் கிரேக்கத்து உள்நாட்டுப் போரையும் துருக்கியையும் காட்டி 40 கோடி டாலர் வாங்கியவர் அவர். கம்யூனிசத்தை எங்கே கண்டாலும் அங்கேயே அணை போட வேண்டும் என்பது அவர் கொள்கை. அணை கட்டினார்கள் ஐயா, கொரியனின் எலும்பை வைத்துக் கட்டினார்கள்! அமெரிக்கா கொட்டிய குண்டு 6 லட்சம் டன்னுக்கு மேல். செத்தவர்கள் 20 லட்சம் என்பார்கள், 30 லட்சம் என்பார்கள். வடக்கின் துப்பாக்கியும் பூவைத் தூவவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேருவின் இந்தியா என்ன செய்தது? சண்டைப் படை அனுப்பவில்லை. மருத்துவப் படை அனுப்பியது. தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். பெயரின் முதலெழுத்திலேயே ஆர்க்காட்டைச் சுமந்தவர்! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! சீனப் படை இறங்கிவர, வடக்கின் தலைநகர் பியோங்யாங்கை விட்டு எல்லோரும் ஓடுகிறார்கள். மருந்தைப் போட்டுவிட்டு வரச் சொன்னால் நம் மருத்துவப் படைக்கு மனம் வருமா? லாரி கிடையாது. பழைய நீராவி எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கிளப்பினார்கள். பாலத்தைத் தகர்ப்பதற்குள் தாண்டிவிட்டார்கள்! ரங்கராஜுக்கு மகாவீர் சக்ர விருது சும்மாவா கிடைத்தது?

போன வாரம் பக்கத்து ஊர் மேடையில் ஒரு பெரியவர் முழங்கினாராம், "நடுவில் நிற்பவன் கோழை" என்று. பெயர் சொல்ல மாட்டேன், சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். அவருக்கு இந்த மேடையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

தென்கொரியாவில் கோஜே தீவு என்று ஒரு போர்க்கைதி முகாம். உள்ளே இரண்டு கட்சி. இந்தப் பக்கம் சேராதவனை அந்தப் பக்கத்தான் என்று ராத்திரியில் அடித்துக் கொன்றார்கள். கைதியின் தோலில் கம்யூனிச எதிர்ப்பு வாசகத்தைப் பச்சை குத்தினார்கள். சண்டை ஓய்ந்ததும், ஊர் திரும்ப மாட்டோம் என்ற கைதிகள் 22,000 பேருக்கு மேல் நம் வீரர்களின் காவலுக்கு வந்தார்கள். ஜெனரல் திம்மையா நடுநிலை ஆணையத்தின் தலைவர். தென்கொரிய அதிபர் சிங்மன் ரீயோ இந்தியச் சிப்பாயின் கால் தன் மண்ணில் படக் கூடாது என்றார். கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கினார்கள் நம் ஆட்களை!

அத்தனை பேருக்கு நடுவே ஒருவன் எழுந்து, "வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம்" என்றான். அவன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அவனை என்னால் விட முடியவில்லை! பெற்றவளை இனிப் பார்க்க முடியாது என்று தெரிந்தும் சொன்னான். அவனோடு சேர்ந்து 88 பேர். 76 கொரியர், 12 சீனர். இவர்களா கோழை? அந்தப் பெரியவரை ஒரே ஒரு ராத்திரி கோஜே தீவில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்!

அந்த 88 பேரும் எங்கே வந்து இறங்கினார்கள் தெரியுமா? 1954 பிப்ரவரியில், 'அஸ்துரியாஸ்' கப்பலில், நம் சென்னைத் துறைமுகத்தில்! அமைதியாகிவிட்டீர்களே... ஆமாம் தாயே, நம் சென்னையில்தான். அப்புறம் பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள், சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள். சொந்த ஊர் சுடுகாடான ஒருவன், அடைக்கலம் என்று முதலில் கால் வைத்த மண் இது. யார் யாருக்கோ சிலை வைக்கிறோம். அவனுக்கு ஒரு கல் நட மாட்டோமா?

துறைமுக வாசலில் 88 பேருக்கும் ஒரு நினைவுக்கல் வேண்டும். தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். கூட்டத் தலைவர் வழிமொழியட்டும். பின்வரிசைத் தம்பிமார்களே, கை தூக்குங்கள்!