ஒன்பதால் வகுத்துப் பாருங்கம்மா
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பொருளாளர் பேசியது)



எனக்குத் தலைப்பு ‘தன்னம்பிக்கை’ன்னு கொடுத்திருக்காங்க. அந்த வார்த்தை எனக்குக் கொஞ்சம் அலுத்துப்போச்சுங்க. எல்லா மேடையிலயும் அதைத்தான் சொல்றாங்க, நாமளும் கை தட்டிட்டு வீட்டுக்குப் போறோம். மறுநாள் பேங்குல படிவத்தை நீட்டும்போது கை பழையபடி நடுங்கத்தான் செய்யுது. அதனால நான் இன்னிக்கு 3,600 ரூபாயைப் பத்திப் பேசிட்டு உட்கார்ந்துக்கறேன்.

என்னைப் பத்தித் தெரியாத புது உறுப்பினர்களுக்காக ரெண்டு வார்த்தை. ஊர் மல்லசமுத்திரம் பக்கம். படிப்பு எட்டாவது. கல்யாணமாகி வந்ததுல இருந்து தறிப்பட்டறையில தார் சுத்தினேன், குச்சிக்கிழங்கு பிடுங்கற காலத்துல காட்டு வேலைக்கும் போவேன். 2004-ல குழுவுல சேர்ந்தேன். 2010-ல கூட்டமைப்புக்குப் பொருளாளர் ஆனேன். எப்படி ஆனேன்னு கேட்டா, “கையெழுத்து அழகா இருக்குது, இவளையே போட்டுருங்க”ன்னு யாரோ பின்வரிசையில இருந்து சொன்னாங்க. அவ்வளவுதான். அன்னைக்கிருந்து என் மனசுல ஒரு திருட்டுப் பயம். ‘கையெழுத்துக்காகப் போட்டாங்க, கணக்குக்காகப் போடலை. இது ஒரு நாளைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுரும்.’ யாராவது, “கணக்குல சந்தேகமா, நம்ம பொருளாளரைக் கேளுங்க”ன்னு சொன்னா மத்தவங்களுக்குப் பெருமையா இருக்கும், எனக்கு அடிவயிறு கலங்கும். ரெண்டு வருஷம் ஒரு ரூபாய் பிசகாம எழுதினேன். அந்த ரெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட, நான் எழுதினதால சரியா இருக்குதுன்னு நினைச்சதில்லை. சாமி காப்பாத்துது, இன்னும் மாட்டலை, அவ்வளவுதான்னு நினைச்சேன்.

2012 மார்ச் மாசக் கடைசி. சனிக்கிழமை சாயந்திரம் குழுக்கள்கிட்ட கடன் தவணை வசூல் பண்ணி, ரசீது போட்டுக் கொடுத்து, ராத்திரி ரொக்கப் புத்தகத்துல ஏத்தினேன். திங்கக்கிழமை தணிக்கை. எழுதி முடிச்சு, கூட்டிப் பார்த்துட்டு, பெட்டியில இருந்த பணத்தை எண்ணினா 3,600 ரூபாய் குறையுது.

அந்த நாள்ல 3,600 ரூபாய்ங்கறது எனக்கு ஒரு மாசக் கூலிக்குப் பக்கம். ஏழு தடவை எண்ணினேன். பாயைத் தூக்கிப் பார்த்தேன், அரிசிப் பானைக்குள்ள கை விட்டுப் பார்த்தேன். பெரிய பையன் தூங்கினதுக்கப்புறம் அவனோட பள்ளிக்கூடப் பையைக் கவுத்துத் தேடினேன். அவன் தூங்கலை. கண்ணைத் திறந்து பார்த்துட்டே படுத்திருந்தான். ஒண்ணும் கேட்கலை. அப்ப அவனுக்குப் பன்னெண்டு வயசு.

ராத்திரி பூரா என்னை நானே பேசின பேச்சை இங்க முழுசாச் சொல்ல முடியாது. “எட்டாவது படிச்ச கழுதைக்கு எதுக்குடி பதவி? இன்னிக்குத்தான் உன் வேஷம் கலைஞ்சுது. நாளைக்கு ஊரே காறித் துப்பும்.” இதை என் மாமியார் சொல்லியிருந்தா நான் சும்மா விட்டிருப்பேனா? நாலு வீடு கேக்கச் சண்டை போட்டிருப்பேன். நானே சொன்னதால வாயை மூடிக் கேட்டுட்டிருந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில காதுத் தோட்டைக் கழட்டி, அடகுக் கடையில வெச்சு 4,000 ரூபாய் வாங்கி, 3,600-ஐப் பெட்டியில போட்டுட்டேன். வீட்டுக்காரர்கிட்ட, திருகு கழண்டுருச்சு, ஆசாரிகிட்ட கொடுத்திருக்கேன்னு பொய் சொன்னேன். தலைவிகிட்டயும் சொல்லலை. செயலாளர்கிட்டயும் சொல்லலை.

திங்கக்கிழமை தணிக்கைக்கு வந்தவர் வயசான மனுசர். அவர் முதல்ல ரொக்கப் புத்தகத்தைத் தொடலை, ரசீதுப் புத்தகத்தைத்தான் எடுத்தார். ஒவ்வொரு ரசீதா ரொக்கப் புத்தகத்தோட ஒப்பிட்டுட்டே வந்தவர் ஒரு இடத்துல பேனாவை நிறுத்தினார். ரசீதுல 12,600. ரொக்கப் புத்தகத்துல நான் ஏத்தினது 16,200. ரெண்டும் ஆறும் இடம் மாறிக் கிடக்குது. சிவப்பு மையில திருத்திட்டு, “சரி, இப்ப பெட்டியை எண்ணலாம்”ன்னார். எண்ணினார். “என்னம்மா, 3,600 ரூபாய் அதிகமா இருக்குது, இது யாரு பணம்?”

எனக்கு அழுகைதான் வந்துச்சு. எல்லாத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்துல 3,600-ஐ எழுதி என் பக்கம் தள்ளினார். “ஒன்பதால் வகுத்துப் பாருங்கம்மா”ன்னார். வகுத்தேன். 400, மீதி இல்லை. “பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு எண் இடம் மாறினா, வர்ற வித்தியாசம் எப்பவும் ஒன்பதால மீதியில்லாம வகுபடும். பணம் குறைஞ்சா முதல்ல இதைப் பாருங்க. கணக்கு எழுதற எல்லாருக்கும் நடக்கறதுதான். எனக்கும் நடந்திருக்கு.”

சகோதரிகளே, கணக்கு எழுதறவங்க இதைக் குறிச்சு வெச்சுக்கங்க. 72-ஐ 27-ன்னு எழுதினா வித்தியாசம் 45. 540-ஐ 450-ன்னு எழுதினா 90. எல்லாம் ஒன்பதால வகுபடும். வகுபட்டாலே இதுதான் தப்புன்னு உறுதி இல்லை, முதல்ல அங்க தேடலாம்னு அர்த்தம். இன்னொண்ணு, வரவுல எழுத வேண்டியதைச் செலவுல எழுதிட்டா வித்தியாசம் ரெண்டு பங்கா வரும். அப்ப வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்க இருக்குதுன்னு தேடணும்.

அன்னிக்குச் சாயந்திரம் பஸ்ஸுல வர்றப்போ எனக்கு ஒண்ணு தோணுச்சு. ஒரு தப்பைக் கண்டுபிடிக்கன்னே ஒரு வழி வெச்சிருக்காங்கன்னா, அந்தத் தப்பை எத்தனை ஆயிரம் பேர் செஞ்சிருக்கணும்! பெரிய படிப்புப் படிச்சவங்க, கோட்டுப் போட்டவங்க எல்லாரும் செஞ்சதுதான். நான் மட்டும் அதை எட்டாவதோட போட்டு முடிச்சுக்கிட்டேன்.

இன்னொண்ணும் தோணுச்சு. அதுதான் என்னை ரொம்ப நாள் உறுத்துச்சு. ரசீதுப் புத்தகம் அந்த ராத்திரி பூரா என் கைக்கு எட்டற தூரத்துல மாடக்குழியிலதான் இருந்துச்சு. அதை எடுத்துப் புரட்டியிருந்தா அஞ்சே நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். ஏன் எடுக்கலை? என்னை நானே திட்டறதுல மும்முரமா இருந்தேன். தப்பு எங்கன்னு தேட வேண்டிய நேரத்துல, தப்பு யாருன்னு முடிவு பண்ணிட்டேன். அது நான்தான்னும் முடிவு பண்ணிட்டேன். அப்புறம் ரசீது எதுக்கு? போதாததுக்கு, அதை மறைக்கப் பெட்டியில பணம் போட்டேன் பாருங்க, அது சாதாரணத் தப்பு இல்லை. கூட்டமைப்புப் பணத்தோட சொந்தப் பணத்தைக் கலக்கறது. நல்ல எண்ணத்தோட செஞ்சாலும் கணக்கைப் பொய்யாக்கறதுதான். எண் மாறினது கைப்பிசகு, தோட்டை வெச்சது பயம்.

அடுத்த வருஷம் ஒரு நாள், உறுப்பினர் குழு ஒண்ணுல கணக்கு எழுதற பொண்ணு ஒருத்தி அழுதுட்டே என் வீட்டுக்கு வந்தா. வட்டியைத் தப்பாப் போட்டுட்டா, பேரேடும் பாஸ்புக்கும் ஒத்துப்போகலை. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? “உக்காரு கண்ணு. தண்ணி குடி. ரசீதைக் கொண்டா, ரெண்டு பேரும் பார்க்கலாம்.” முக்கால் மணி நேரத்துல முடிஞ்சுது. அவ போனதுக்கப்புறம் திண்ணையில உட்கார்ந்து யோசிச்சேன். அவளைக் ‘கழுதை’ன்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லையே, ஏன்? அந்த மூணு வார்த்தையை, உக்காரு, தண்ணி குடி, ரசீதை எடுன்னு, அன்னிக்கு ராத்திரி எனக்கு நானே சொல்லியிருந்தா தோடு காதுலயே இருந்திருக்கும்.

என் மக சேலத்துல காலேஜுல உளவியல் படிச்சா. அவகிட்ட இந்தக் கதையைச் சொன்னப்போ, “அம்மா, இதுக்கு ஒரு பேரே இருக்குது”ன்னா. 1978-லயே அமெரிக்காவுல பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ்ன்னு ரெண்டு பெண் உளவியலாளர்கள் இதைப் பத்தி எழுதியிருக்காங்களாம். அவங்க பார்த்தது நம்மளை மாதிரி ஆளுங்களை இல்லைங்க. முனைவர் பட்டம் வாங்கினவங்க, பெரிய உத்தியோகத்துல இருந்தவங்க, நல்லாப் படிக்கிற மாணவிகள், எல்லாமா நூத்தம்பதுக்கும் மேல பொம்பளைங்க. அவங்களும், ‘எனக்குத் தகுதி இல்லை, ஏதோ அதிர்ஷ்டம், யாரோ தெரியாம என்னைச் சேர்த்துட்டாங்க, ஒரு நாள் வெளுத்துப்போகும்’னு சொல்லியிருக்காங்க. கேட்டதும் எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. டாக்டர் பட்டம் வாங்கினா இந்தப் பயம் போயிரும்னு அத்தனை நாள் நினைச்சிருந்தேனே!

‘நம்மளை நாமே திட்டலைன்னா எப்படித் திருந்தறது? சோம்பேறி ஆயிர மாட்டமா?’ன்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன். அதையும் சோதிச்சுப் பார்த்திருக்காங்கன்னு மக சொன்னா. 2012-ல கலிபோர்னியாவுல ஒரு ஆய்வு. கஷ்டமான பரீட்சையில சறுக்கின மாணவர்கள்ல சில பேரை, ‘இது எல்லாருக்கும் கஷ்டம்தான், உன்மேல நீயே கோபப்படாதே’ன்னு ஆறுதலா யோசிக்க வெச்சாங்க. அடுத்த பரீட்சைக்கு அவங்கதான் மத்தவங்களைவிட அதிக நேரம் படிச்சாங்களாம். எனக்கு அது ஆச்சரியமா இல்லை. நான் திட்டின ராத்திரி ரசீதைத் தொடலை, அந்தப் பொண்ணோட ஆறுதலா உட்கார்ந்தப்போ தொட்டோம்.

இப்ப நான் எப்படிப் பேசிக்கறேன்னு சொல்றேன். ‘நான் சிங்கம், நான் ராணி’ன்னெல்லாம் சொல்லிக்கறதில்லை. அது எனக்கே பொய்யாத் தெரியும். எங்க அம்மாயி என்னை ‘அம்மிணி’ன்னுதான் கூப்பிடும். மனசு படபடன்னு அடிக்கும்போது அம்மாயி கூப்பிடற மாதிரியே கூப்பிட்டுக்கறேன். “அம்மிணி, என்ன ஆச்சு? எது தெரியலை? யாரைக் கேட்டாத் தெரியும்?” ‘நான் ஏன் இப்படி’ன்னு கேக்கறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்குதுங்க. இப்படித் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கிட்டவங்க மேடையில கொஞ்சம் நல்லாப் பேசினாங்கன்னு 2014-ல ஒரு ஆய்வுகூட வந்திருக்குதாம். இப்ப மேடை ஏறும்போதுகூட அம்மிணியைக் கூப்பிட்டுட்டுத்தான் வந்தேன்.

ஒண்ணு மட்டும் கோபமாச் சொல்லணும். எல்லாப் பயமும் நம்ம மனசுல தானா முளைச்சதில்லை. ஒரு பேங்குல என்னையும் தலைவியையும் முக்கால் மணி நேரம் நிக்க வெச்சுட்டு, “ஆம்பளைங்க யாரும் வரலையா?”ன்னு கேட்டாங்க. அந்த எடத்துல அம்மிணி, கண்ணுன்னு உள்ளுக்குள்ள கொஞ்சிட்டிருந்தா வேலை ஆகாது. அடுத்த தடவை தீர்மான நகலோட ஆறு பேர் போனோம், நாற்காலி போட்டாங்க. அடுத்தவங்க நம்மளை மட்டமா நடத்தறதுக்கு நம்ம மனசைக் குத்தம் சொல்லிக்க வேண்டாம்.

மேடைகள்ல மதுரைச் சின்னப்பிள்ளை அம்மா கதையைச் சொல்வாங்க. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி, களஞ்சியம் இயக்கத்தை வளர்த்தவங்க, பிரதமரா இருந்த வாஜ்பாயி அவங்க காலைத் தொட்டு வணங்கினார், 2019-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. மரியாதைக்குரிய அம்மா. ஆனா உண்மையைச் சொன்னா, அந்தக் கதையைக் கேக்கறப்போ எனக்குத் தைரியம் வந்ததில்லை, ‘அவங்க எங்க, நான் எங்க’ன்னுதான் தோணும். எனக்குத் தைரியம் கொடுத்தது அந்தத் தணிக்கை மனுசர் சொன்ன “எனக்கும் நடந்திருக்கு”தான். 1989-ல தருமபுரியில முதல் குழுக்கள் ஆரம்பிச்சு, அப்புறம் நம்ம சேலத்துக்கு வந்தப்போ, நாமக்கல்லும் சேலம் ஜில்லாவுலதான் இருந்துச்சு. அப்பச் சேர்ந்த அக்காங்க சில பேர் இந்தப் பந்தல்ல இருக்காங்க. சாப்பாட்டு நேரத்துல அவங்ககிட்ட சாதனையைக் கேக்காதீங்க. செஞ்ச தப்பையெல்லாம் கேளுங்க. நானும் என்னுதைச் சொல்றேன்.

என் பெரிய பையன் இப்ப நாமக்கல்ல லாரிக்குப் பாடி கட்டற பட்டறையில வேலை செய்யறான். போன பொங்கலுக்குத்தான் அந்தப் பையைத் தேடினதுக்கு அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். “ஞாபகம் இருக்குதும்மா”ன்னான். வேற ஒண்ணும் சொல்லலை. தட்டை எடுத்து வெச்சுட்டு வெளிய போயிட்டான். அந்தக் கணக்கு இன்னும் முழுசா நேராகலை.

தோட்டை நாலு மாசத்துல மீட்டுட்டேன். இதோ, போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.

அடுத்த மாசத்துல இருந்து கூட்டமைப்புக் கணக்கை எழுதப்போற பொண்ணு ரெண்டாவது வரிசையில உட்கார்ந்திருக்கா. பி.காம். படிச்சவ. நேத்து என்கிட்ட வந்து, “அக்கா, எனக்கு வருமான்னு தெரியலை, வேற யாரையாவது போட்டுருங்க”ன்னா. வெள்ளிக்கிழமை பேங்குக்கு முதல் தடவையாப் போறா. நானும் கூடப் போறேன். ஆனா உள்ள வர மாட்டேன்னு சொல்லிட்டேன். எதுத்தாப்புல டீக்கடையில உட்கார்ந்திருப்பேன். ஏதாவது குறைஞ்சா, ரசீதுப் புத்தகத்தை எடுத்துட்டு அங்க வந்தாப் போதும்.