கடல் தரும் பாடம்
(மொண்டெல்லோ ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இம்மொண்டெல்லோக் கடற்கரை பலெர்மோ வாழ் தமிழர் யாவரும் அறிந்ததே. இதே பலெர்மோக் கரையோரத்தில் 'ருகுலொப்டெரிக்ஸ் ஒகமுரே' எனும் கிழக்காசியப் பழுப்புப் பாசி பரவியுள்ளமையை அறிவியலாளர் அறிவித்துள்ளனர். ஜிப்ரால்டர் நீரிணையில் மீனவர் வலைகளை அடைத்துத் துன்புறுத்திய பாசி இதுவே. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இதனை ஆக்கிரமிப்பு இனமாகப் பட்டியலிட்டது.

எசுப்பானிய ஆய்வாளர்கள் இப்பாசியை உலர்த்திப் பொடித்து, கிளிசரின் கலந்து, அச்சில் வார்த்து உயிர்நெகிழி செய்துகாட்டியுள்ளனர். கேட்டினின்றும் பயன் பிறக்கிறது.

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். பயன் கருதி வளர்ப்புக்காகக் கொணரப்பட்ட 'கப்பாபைக்கஸ்' பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப்பாறைகளைப் போர்த்தி அழித்தமை 2008இல் வெளிப்பட்டது. நெகிழிக்காகப் பாசியை வளர்க்கத் தொடங்கினால் அதே தவறு இங்கும் நிகழும். சிறு துண்டிலிருந்தும் இது மீண்டும் முளைக்கும். ஆகவே கரையொதுங்கியதை மட்டும், அதுவும் உரிய அனுமதியுடன், அகற்றிப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

பெற்றோர்களே, பிள்ளைகள் வேதியியலையும் கடலுயிரியலையும் விரும்பினால் தடுக்காதீர்கள். இளையோரே, உங்களை வளர்க்கும் இக்கடலுக்கும் நம் தாயகக் கடலுக்கும் அவ்வறிவு ஒருங்கே தேவைப்படுகிறது.